மேல்நோக்கி விழுந்த அருவி

அத்தியாயம் 3

மாரிச்செல்வி எங்கள் மேஜையில் ஒரு நீலப் பையை வைத்தாள். உள்ளே இன்சுலின் பேனா, ஊசிமுனைகள், உருகிப்போன ஐஸ் பொட்டலம்.

"என் தங்கச்சியோடது. சின்ன வயசுலருந்தே ஊசி போடுதா. இது இல்லாம ஒரு ராத்திரி போயிட்டு. இனிமே என்ன ஆவும்னு நினைச்சாலே கை கால் நடுங்குது," என்றாள். அவள் அழவில்லை. அழுது முடித்த முகம் அது.

ரெபேக்காள் பையை மூடி என் கையில் கொடுத்தாள். "வண்டிய எடுலே முத்து. மத்தத போற வழியில கேட்டுக்கிடலாம்."

நான் முத்துராஜ். தென்காசியில் துப்பறியும் தொழில் செய்கிற ஒரே பெண்மணிக்கு ஒரே உதவியாளன். ரெபேக்காள் துப்பறிவாள். நான் வண்டி ஓட்டுவேன், கதவைத் தட்டுவேன், வாயாடுவேன். கடைசி வேலைக்குச் சம்பளம் கிடையாது என்று அவள் அடிக்கடி சொல்லுவாள்.

குற்றாலம் போய்ச் சேர்வதற்குள் மாரிச்செல்வி கதையைச் சொல்லி முடித்துவிட்டாள். வடகரையில் வயலும் தென்னந்தோப்பும் வைத்திருக்கிற பிச்சையாவுக்கு இரண்டு பெண்கள். மூத்தவள் மாரிச்செல்வி, கட்டிக்கொடுத்தாயிற்று. இளையவள் அபர்ணாவுக்கு அடுத்த மாதம் கல்யாணம். மாப்பிள்ளை வீட்டில் ஒரே நிபந்தனை: கல்யாணத்துக்குப் பிறகு மேடை ஏறக் கூடாது. ஆகவே நேற்று ராத்திரி குற்றாலத்து மண்டபத்தில் அவளுடைய கடைசி நாட்டியம். அருவியிலிருந்து இறங்கி வந்த ஒரு பெண் திரும்ப அருவிக்குள்ளேயே போய் மறைகிற கதை. முடிவில் எல்லா விளக்கும் அணைந்து அருவி மட்டும் ஓட வேண்டும், பிறகு அதுவும் அணைய வேண்டும். அப்படியே அணைந்தது. மறுபடி விளக்கு வந்தபோது கும்பிடு போட அபர்ணா இல்லை.

"மேடைக்கு இடப்பக்கம் பாட்டுக்காரங்க. வலப்பக்கம் எங்க சொந்தக்காரப் பொம்பளைய. ஒருத்தர் கண்ணுலயும் படாம எப்படிப் போவா?" என்றாள் மாரிச்செல்வி. "போனும் மேக்கப் ரூம்ல கிடக்கு. இந்தப் பையும் கிடக்கு."

"போலீசுக்கு ஏன் போகல?" என்று ரெபேக்காள் கேட்டாள்.

"அப்பா விடல. மாப்பிள வீட்டுக்குத் தெரிஞ்சா மானம் போயிரும்னாவ. லைட்டு போட்ட பையன்தான் கடத்திருக்கான்னு அவனப் பிடிச்சு வச்சிருக்காவ."

"அருவியே பொண்ண முழுங்கிட்டுன்னா எந்த ஸ்டேஷன்லயும் கேஸ் எடுக்க மாட்டாங்களே," என்றேன் நான்.

ரெபேக்காள் திரும்பிப் பார்த்தாள். நான் ரோட்டைப் பார்த்தேன்.

மண்டபத்துக்குள் நுழைந்ததும் பிச்சையாவின் குரல்தான் வரவேற்றது. மேடைக்குக் கீழே ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்த பையனின் சட்டைக் காலரை அவர் பிடித்திருந்தார். சுற்றிலும் சொந்தக்காரர்கள். குத்துக்கல்வலசையில் மேடை விளக்குக் கடை வைத்திருக்கிற அருண்பாண்டி அவன்தான். உதடு கிழிந்து ரத்தம் காய்ந்திருந்தது.

"சொல்லுலே! எங்கன கொண்டு போய் வச்சிருக்க?"

"அண்ணாச்சி, அவன் சட்டையக் கிழிச்சா பொண்ணு வந்திருவாளா?" என்றாள் ரெபேக்காள். "கொஞ்சம் மூச்சு விட விடுங்க. நான் பேசுதேன்."

பிச்சையா கையை எடுத்தார். எடுத்த கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் தன் தலையிலேயே வைத்துக்கொண்டார். கோபத்தைவிடப் பயம்தான் அவரை ஆட்டிவைத்தது என்று அப்போதுதான் தெரிந்தது. விடிய விடிய சொந்தக்காரர்களோடு இதே மண்டபத்தில் கிடந்திருக்கிறார். ஐந்தருவி, பழைய அருவி, பஸ் ஸ்டாண்டு என்று ஆள் அனுப்பித் தேடியிருக்கிறார். தொண்டை கட்டிப்போயிருந்தது.

மேடையின் பின்பக்கம் முழுக்கக் கறுப்புத் துணி. அதன் முன்னால், ஒரு இரும்புச் சட்டத்தில் மேலிருந்து கீழாக எல்.இ.டி. டேப் ஒட்டிய அலுமினியப் பட்டைகள் ஒரு சாண் இடைவெளியில் வரிசையாகக் கட்டப்பட்டிருந்தன. அதுதான் நேற்றைய அருவி.

"நிஜ அருவிக்கு இவ்வளவு பக்கத்துல ஒரு பொய் அருவி," என்றேன். "சோப்பு போடக் கூடாதுன்னு இங்கயும் போர்டு வச்சிருக்கலாம்."

யாரும் சிரிக்கவில்லை. எனக்கே சிரிப்பு வரவில்லை. கையில் அந்த நீலப் பை கனத்தது.

ரெபேக்காள் அருண்பாண்டிக்கு எதிரே ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். "தம்பி, இந்த டேப்ப யாரு எடுத்தா?"

"என் புள்ளய எங்கன்னு கேக்காம டேப்பக் கேக்காளே!" என்று பிச்சையா பல்லைக் கடித்தார்.

அருண்பாண்டி தண்ணீர் குடித்துவிட்டுப் பேசினான். "நான் ரெண்டு தினுசு காட்டுனேன் மேடம். அஞ்சு வோல்ட்டு டேப்பு விலை கம்மி. ஆனா ஒரு பல்பு செத்துச்சுன்னா அதுக்குப் பொறவு உள்ளது பூரா செத்துரும். சீசன் நேரம், மண்டபத்துக்குள்ளயே ஈரம். நடுவுல அணைஞ்சா அசிங்கமாயிரும். அதனால பன்னெண்டு வோல்ட்டு டேப்பு எடுக்கச் சொன்னேன். இதுல சிக்னலுக்கு ரெண்டு வழி இருக்கு. ஒரு பல்பு செத்தாலும் அதத் தாண்டிப் போயிரும். அபர்ணா கடைக்கு வந்து, எரிய விட்டுப் பாத்துத்தான் எடுத்தா."

"கன்ட்ரோலர்?"

"அதுலதான் சிக்கனம் பண்ணிட்டோம். பெரிய கன்ட்ரோலர்னா ஒவ்வொரு ஸ்ட்ரிப்புக்கும், அதான் இந்தப் பட்டைக்கு, தனித்தனி வயரு வரும். எல்லாத்துக்கும் மேலருந்து சிக்னல் குடுக்கலாம். விலை சாஸ்தி. இது சின்னது, ஒரே ஒரு வயருதான் வெளிய வரும். அதனால பாம்பு மாதிரி வளைச்சு வளைச்சுக் கொண்டு போனேன். மொத ஸ்ட்ரிப்புல சிக்னலு மேலருந்து கீழ வரும். அடுத்ததுல கீழருந்து மேல போவும். எது எப்படிப் போவுதுன்னு புரோகிராமுல எழுதி வச்சிருக்கேன். அதனால பாக்கதுக்கு எல்லாத்துலயும் தண்ணி கீழதான் விழும்."

"சரி. நேத்து யாராவது வீடியோ எடுத்தாங்களா?"

சொந்தக்காரப் பெண் ஒருத்தி போனை நீட்டினாள். ராத்திரி முழுக்க எல்லாரும் அதைத்தான் திரும்பத் திரும்பப் பார்த்திருக்கிறார்கள். அபர்ணா சுழலுகிறாள், கை விரிக்கிறாள், பின்னால் நகர்ந்து அருவிக்கு அருகில் போகிறாள், இருட்டு. நானும் ரெபேக்காளும் பார்த்தோம். எனக்கு ஒன்றும் புலப்படவில்லை.

"முத்து, பொண்ணப் பாக்காத. தண்ணியப் பாரு."

பார்த்தேன். இடது பாதியில் வெள்ளையும் நீலமுமாகத் தண்ணீர் விழுந்துகொண்டிருந்தது. நடுவில் ஓரிடத்தில் ஒரு கறுப்புக் கோடு. அதற்கு வலதுபக்கம் தண்ணீர் கீழேயிருந்து மேலே ஏறிக்கொண்டிருந்தது. ஒன்றுவிடாமல் எல்லா ஸ்ட்ரிப்பிலும்.

"யக்கா! தண்ணி ஏறுது!"

பிறந்ததிலிருந்து தண்ணீர் கீழே விழுவதைப் பார்த்தே வளர்ந்த ஜனம், அது மேலே ஏறியதைப் பார்த்துக் கை தட்டியிருக்கிறது. வீடியோவில் அந்தக் கைதட்டல் தெளிவாகக் கேட்டது.

அருண்பாண்டி தலையைக் குனிந்துகொண்டான். "சாயங்காலம் ரிகர்சல்ல சரியாத்தான் விழுந்துச்சு மேடம். நிகழ்ச்சியில ஏறவும் எனக்கு வேத்துக் கொட்டிட்டு. புரோகிராம்ல தப்புப் பண்ணிட்டேன்னு நினைச்சேன். அதுக்குள்ள ஜனம் கை தட்டிட்டு. அப்படியே விட்டுட்டேன். பொறவு இவிய கேக்கும்போது, வேணும்னுதான் அப்படிச் செஞ்சேன்னு சொல்லிட்டேன். தொழில்ல தப்புன்னு ஒத்துக்கிட்டா அடுத்த சீசனுக்கு எவன் கூப்பிடுவான்?"

"கேட்டியளா? வேணும்னு செஞ்சானாம்!" என்று பிச்சையா மறுபடி பாய்ந்தார். நான் குறுக்கே நின்றேன். அவர் கை என் தோளில் விழுந்தது. வயல் வேலை செய்த கை. இரண்டு நாளுக்கு வலிக்கும்.

"தம்பி, இப்ப ஓட்டிக் காட்டு," என்றாள் ரெபேக்காள், சண்டையைக் கவனிக்காமல்.

அருண்பாண்டி நொண்டிக்கொண்டே போய் சுவிட்சைப் போட்டான். அருவி உயிர் பெற்றது. இடதிலும் விழுந்தது. வலதிலும் விழுந்தது. எங்கேயும் ஏறவில்லை.

ரெபேக்காள் எழுந்து நின்றாள். "ராத்திரி ஏறுன தண்ணி இப்ப எறங்குது. நீ எதையாவது தொட்டியா?"

"எங்க தொட விட்டாவ? லைட்டு வந்ததுலருந்து இந்த நாற்காலியிலதான் உக்காந்திருக்கேன்."

"அப்ப இவனப் பிடிச்சு வச்ச நீங்களே இவனுக்குச் சாட்சி அண்ணாச்சி. இந்த அருவியில கை வச்சது வேற ஆளு. இவன விடுங்க. எல்லாரும் கொஞ்சம் வெளிய நில்லுங்க."

பிச்சையா பின்வாங்கினார். ராத்திரி முழுக்கப் பிடித்துத் தொங்கிய ஒரே கொம்பும் ஒடிந்துபோன மாதிரி அவர் முகம் வெளிறிவிட்டது. சொந்தக்காரர்கள் அவரைத் தாங்கி வாசலுக்குக் கூட்டிப் போனார்கள்.

"என்ன செஞ்சா தண்ணி ஏறும்?" ரெபேக்காள் குரலைத் தாழ்த்தினாள்.

அருண்பாண்டி யோசித்தான். பிறகு கண் விரிந்தது. "நடுவுல ஒரு ஸ்ட்ரிப்பக் கழட்டிட்டு, முந்துன ஸ்ட்ரிப்பையும் அடுத்த ஸ்ட்ரிப்பையும் நீட்டு வயரு போட்டு இணைச்சா ஏறும். கீழ வர்ற ஸ்ட்ரிப்புக்கு எழுதுன கணக்கு, மேல போற ஸ்ட்ரிப்புக்குள்ள போயிரும். அங்கருந்து கடைசி வரைக்கும் எல்லாமே தலைகீழ்தான்."

"கழட்டுன இடத்துல?"

"வெறும் சந்து. ஒரு ஆளு ஒருக்களிச்சுப் போகலாம்." அவனே திடுக்கிட்டான். "அதுக்குப் பின்னால பழைய ஸ்டோர் ரூம் வாசல் ஒண்ணு இருக்கு. துணியப் போட்டு மறைச்சிருக்கோம்."

"இப்படி இணைக்கலாம்னு யாருக்குத் தெரியும்?"

அவன் வாசல் பக்கம் ஒரு தடவை பார்த்துவிட்டுச் சொன்னான். "ஒரு ஆத்திர அவசரத்துக்கு ஆவும்னு கடையில வச்சுக் காட்டிக் குடுத்தேன். ஸ்ட்ரிப்பு செத்தா இந்த வயரச் சொருகிட்டு ஓட்டிரலாம்னு. புரோகிராமையும் மாத்தணும்கிறத அப்ப சொல்லல. பாத்தது அபர்ணாவும் அவ அக்காவும்தான்."

நான் விரலைச் சொடுக்கினேன். "முடிஞ்சது யக்கா. பொண்ணே கழட்டிட்டு, பொண்ணே போயிட்டா."

"அப்ப திரும்ப மாட்டுனது யாருலே?"

சொடுக்கிய விரலை மடக்கிக்கொண்டேன்.

வீடியோ இன்னும் கொஞ்சம் மிச்சம் இருந்தது. விளக்கு வந்த பிறகு நடந்த குழப்பத்தையும் அந்தப் பெண் எடுத்திருந்தாள். எல்லாரும் பெயர் சொல்லிக் கத்திக்கொண்டு ஓடுகிறார்கள். பிச்சையா அருண்பாண்டியை இழுக்கிறார். அவர்களுக்குப் பின்னால் ஒருத்தி மட்டும் மேடையிலேயே உட்கார்ந்து, அருவிச் சட்டத்தில் முதுகைச் சாய்த்து, தலையை ஆட்டி ஆட்டி அழுதுகொண்டிருக்கிறாள். இரண்டு கையும் முதுகுக்குப் பின்னால். மாரிச்செல்வி.

மேக்கப் ரூமில் அவள் தனியாக நின்றிருந்தாள். ரெபேக்காள் கதவைச் சாத்தினாள்.

"உங்க அப்பா வெளிய இருக்காரு. எனக்கு மட்டும் கேக்க மாதிரி சொல்லு தாயி. நேரம் இல்ல."

மாரிச்செல்வி மறுக்கவில்லை. மறுக்கத் தெம்பு இல்லை. "பாலக்காட்டுப் பக்கம் ஒரு நடனப் பள்ளியில அவளுக்கு எடம் கிடைச்சிருக்கு. அங்கயே தங்கிச் சொல்லிக்குடுக்கலாம். அப்பாட்ட கேட்டா வெட்டிப் போட்டிருவாவ. சந்து வழியா ஸ்டோர் ரூம், ஸ்டோர் ரூம் பின்கதவு வழியா தெரு, அங்கருந்து செங்கோட்டைக்குப் போய் ரயில் ஏறணும். இதான் நாங்க போட்ட திட்டம். பின்கதவ மத்தியானமே நாந்தான் தொறந்து வச்சேன். காலையில பாலக்காட்டு ஸ்டேஷனுக்கு அவளக் கூட்டிட்டுப் போக வந்த பிள்ள போன் பண்ணிச்சு. ரயில்ல அவ இல்லியாம். வந்து பாத்தா மருந்துப் பையையும் மறந்துட்டுப் போயிருக்கா."

"இத மொதல்லயே சொன்னா என்ன?" என்று நான் கத்திவிட்டேன். "அந்தப் பையன அடிக்கதப் பாத்துட்டு நின்னியே!"

"சொன்னா அப்பா தேட மாட்டாவ!" அவளும் கத்தினாள். உடனே வாயைப் பொத்திக்கொண்டாள். "ஓடிப்போனவ எக்கேடு கெட்டா என்னன்னு தலை முழுகிட்டு வீட்டுக்குப் போயிருவாவ. எவனோ தூக்கிட்டுப் போயிட்டான்னு நம்புனாத்தான தேடுவாவ? நான் வேற என்ன செய்ய?"

அவள் சொன்னது தப்பு. ஆனால் பிச்சையாவைப் பார்த்த பிறகு, பொய் என்று சொல்ல முடியவில்லை.

"செங்கோட்டை ரோடு," என்றாள் ரெபேக்காள். "வழியிலதான் எங்கயோ விழுந்து கிடக்கா. ஓடு."

மூன்று பேரும் பின்பக்கத் தெரு வழியாக ஓடினோம். ஸ்டோர் ரூமின் பின்கதவுக்கு அருகில், கையில் கம்போடு ஒரு பெரியவர் மதில் மேலிருந்த குரங்கை விரட்டிக்கொண்டிருந்தார். மண்டபத்து மேனேஜர் ராமசேஷன். கதவில் தேங்காய் அளவுக்கு ஒரு பூட்டு.

"குரங்குக்குப் பயந்து இவ்வளவு பெரிய பூட்டா சாமி? அதுங்க சாவி எல்லாம் செய்யாதே," என்று ஓடுகிற ஓட்டத்திலேயே சொன்னேன். வாய் பழக்கம்.

"உமக்கென்ன ஓய், சொல்லிட்டுப் போயிடுவேள். அந்தி சாயறச்சே கூட்டமா திரும்பி வரும். உள்ளே புகுந்துடுத்துன்னா ஒரு வாழைத்தார் மிஞ்சாது. வெளிச்சம் இருக்கறச்சேயே பூட்டிடறது என் வழக்கம். நேத்திக்குக்கூட யாரோ அசமந்தம் தொறந்து போட்டுட்டுப் போயிருந்தா. நல்லவேளை, பார்த்துப் பூட்டினேன்."

ரெபேக்காள் நின்றுவிட்டாள். "எப்ப பூட்டுனீங்க?"

"சொன்னேனே, அந்திக்கு முன்னாடி. டான்ஸே ஆரம்பிக்கலை."

"பொறவு தொறந்தீங்களா?"

"எதுக்குத் தொறக்கணும்? ராத்திரி எல்லாரும் வந்து பார்த்தா. வெளியில பூட்டு தொங்கறது, உள்ளே யார் இருப்பான்னு போயிட்டா."

மாரிச்செல்வியின் முகத்தில் ரத்தமே இல்லை. பின்கதவையும் மேடைப் பக்கத்து வாசலையும் விட்டால் வேறு வழி இல்லாத அறை. பின்கதவில் பூட்டு. திரும்பி வர இருந்த ஒரே இடைவெளியையும், அழுதுகொண்டே, அவள் தன் கையால் மறுபடி கட்டி மூடியிருக்கிறாள்.

"நாந்தான் அடைச்சேன்," என்றாள். "யக்கா, நாந்தான்..."

ராமசேஷன் சாவிக்கொத்தில் தேடினார். ரெபேக்காள் காத்திருக்கவில்லை. அவள் அப்படி ஓடி நான் பார்த்ததில்லை. மேடையில் ஏறி, வீடியோவில் கறுப்புக் கோடு தெரிந்த இடத்து ஸ்ட்ரிப்பை இரண்டு கையாலும் பிடித்து இழுத்தாள். வரவில்லை.

"அடிப் பிளக்கப் பிடுங்குங்க! நான் மேல உள்ளத வெட்டுதேன்!" அருண்பாண்டி எங்கிருந்தோ கட்டரோடு வந்தான். அடிபட்ட காலோடு ஏணியில் ஏறினான். ஸ்ட்ரிப் கழன்று விழுந்தது. வலப்பக்கத்து அருவி முழுதும் அணைந்தது. நான் துணியைக் கிழித்துக்கொண்டு உள்ளே போனேன்.

அண்டாக்களுக்கும் சுருட்டிய ஜமக்காளங்களுக்கும் நடுவில், பின்கதவில் தலையைச் சாய்த்தபடி அபர்ணா கிடந்தாள். நாட்டிய உடையோடு. பக்கத்தில் வாந்தி. மூச்சு புஸ் புஸ்ஸென்று வேகமாக வந்தது. அழுகிய பழத்தின் வாடை அடித்தது. மூச்சு வந்தது என்பதே போதுமானதாக இருந்தது. நான் சாமி கும்பிடுகிறவன் இல்லை. அன்றைக்குக் கும்பிட்டேன்.

விடிய விடிய அப்பாவின் சத்தம் சுவருக்கு அந்தப்பக்கம் கேட்டுக்கொண்டே இருந்திருக்கும். ஒரு குரல் கொடுத்திருந்தால் போதும். தெம்பு இருந்தவரை அவள் கொடுக்கவில்லை. கொடுக்க நினைத்திருந்தால், அப்போது தெம்பு இருந்திருக்காது.

சத்தம் கேட்டு ஓடிவந்த பிச்சையாதான் அவளைத் தூக்கினார். யாரையும் தொட விடவில்லை. என் வண்டியின் பின்சீட்டில் மாரிச்செல்வியின் மடியில் தலை, அவர் மடியில் கால். ரெபேக்காள் முன்னால் உட்கார்ந்து தென்காசி ஆஸ்பத்திரி டாக்டரிடம் போனில் பேசிக்கொண்டே வந்தாள். இந்த நிலைமையில் நாமாக ஊசி போடக் கூடாது, நேரே கொண்டு வாருங்கள் என்று அவர் சொல்லியிருந்தார். நான் ஹாரனிலிருந்து கையை எடுக்கவில்லை.

"எந்தப் பாவி இவள அங்கன அடைச்சான்? கையில கிடைச்சா விட மாட்டேன்," என்று பிச்சையா சொல்லிக்கொண்டே வந்தார். மகளின் உள்ளங்காலைப் பரபரவென்று தேய்த்தார். மாரிச்செல்வி தங்கையின் முகத்திலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

அபர்ணா நெஞ்சோடு எதையோ இறுக்கிப் பிடித்திருந்தாள். பிச்சையா அதை மெல்ல விடுவித்து எடுத்தார். துப்பட்டாவில் சுருட்டி, சத்தம் வராதபடி முடிச்சுக்கு மேல் முடிச்சுப் போட்ட ஒரு பொட்டலம். ஒரு பக்கம் பிரித்துப் பார்த்தார். சலங்கை.

அதை ஏன் இப்படிக் கட்ட வேண்டும் என்று அவருக்குப் புரியவில்லை. புருவத்தைச் சுருக்கினார்.

அப்போது அபர்ணா கண்ணைத் திறந்தாள். பாதிதான். உதடு காய்ந்து ஒட்டியிருந்தது.

"யக்கா..." என்றாள். "ரயிலு போயிட்டா?"

ரெபேக்காள்கூடப் போனில் பேச்சை நிறுத்திவிட்டாள். கண்ணாடியில் நான் பிச்சையாவைப் பார்த்தேன். கால் தேய்த்த கை நின்றுவிட்டது. மகளைப் பார்த்தார். மூத்தவளைப் பார்த்தார். அவள் தலையைக் குனியவில்லை. கண்ணீர் வழிய, அவர் முகத்தையே பார்த்தாள். கையிலிருந்த சலங்கையை அவர் பார்த்தார். மருந்தை மறந்துவிட்டு, இதை மறக்காமல் எடுத்துக்கொண்டு, தன்னிடமிருந்துதான் ஓடியிருக்கிறாள் என்பது அந்த மனிதருக்குள் இறங்குவதை நான் பார்த்தேன். இனி என்ன செய்வாரோ என்று எனக்குப் பயமாக இருந்தது. வண்டியை நிறுத்தச் சொல்லிவிடுவாரோ என்றுகூட நினைத்தேன்.

அவர் சலங்கையைச் சீட்டில் வைத்தார். மறுபடி அவள் காலை எடுத்து மடியில் வைத்துத் தேய்க்க ஆரம்பித்தார்.

"ஏலே டிரைவர்," என்றார். குரல் சுத்தமாக உடைந்துபோயிருந்தது. "இன்னும் வேகமாப் போலே."